ஆவியை வாசலில் நிறுத்திய போடில்

டென்மார்க்கின் மோர்ஸ் தீவில் ஒரு பேச்சு அடிபடுகிறது. ஓர்நெஸ் வைக்கிங் சந்தையின் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் உடுப்பைச் சோதிக்கும் போடில் டிங்கோர், செத்துப்போன தன் புருஷன் ஆவியாக வந்து நின்றபோது, தையல் சரியில்லை என்று அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

பேச்சு போகிற இடமெல்லாம் கொஞ்சம் சதை போட்டுக்கொண்டு போகிறது. இறைச்சிக் கடையில் கேட்டால் ஆவி அழுதது. படகுத்துறையில் கேட்டால் ஆவி வாக்குவாதம் செய்தது. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை காபி ஊற்றுகிறவர்களோ, போடில் ஆவியின் சட்டையிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தியே பார்த்தாள் என்று சத்தியம் செய்கிறார்கள். அவளைத் தெரிந்த யாரும் இதில் எதையும் நம்ப மறுக்கவில்லை என்பதுதான் விசேஷம். ஆவி வந்திருக்குமா என்றுதான் சிலர் யோசித்தார்கள். வந்திருந்தால் போடில் விட்டிருக்க மாட்டாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பேச்சின் வாலைப் பிடித்துக்கொண்டே போனால் அது டாக்னியின் ரொட்டிக்கல்லில் போய் முடிகிறது. டாக்னி சந்தை வாசலுக்குப் பக்கத்திலேயே கல்லைப் போட்டு பார்லி ரொட்டி சுடுகிறவள். போடிலுக்கு நெடுநாள் சிநேகிதி. "நான் என் காதால கேட்டேன்" என்கிறாள். அவள் கேட்டது உண்மைதான். கேட்டதில் பாதியைத்தான் வெளியே சொன்னாள்.

போடிலுக்குச் சம்பளம் தருகிற வேலை வேறு. லிம்ஃபியோர்டு என்கிற கடற்கழியின் கரையில் இருக்கிற சிப்பி ஆலையில், ஓடும் பட்டைக்கு முன்னால் நின்று, வாய் திறந்துகொண்ட சிப்பிகளைப் பொறுக்கி எறிய வேண்டும். வாய் மூடியிருந்தால் உயிரோடு இருக்கிறது, திறந்திருந்தால் செத்தது. இதில் விவாதத்துக்கு இடமில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இதையே செய்த ஒருத்தியை வாசலில் உட்கார வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் ஓர்நெஸ்ஸில் நடந்தது.

ஓர்நெஸ்ஸில் கோடைதோறும் சில நாள் பழைய வைக்கிங்குகளைப் போலவே உடுத்தி, சமைத்து, கூடாரம் போட்டு வாழ்ந்து பார்ப்பார்கள். பத்தாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்ட எதற்கும் அங்கே இடமில்லை. உருளைக்கிழங்கு கூடாது, டேனிஷ்காரர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தியாகம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைக்கடிகாரம் கூடாது. கடிகாரம் கட்டியிருந்த இடத்தில் வெயில் படாத வெள்ளை வளையம் தெரிந்தால், அதன்மேல் தோல்பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். சினிமா வைக்கிங்போல் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு வருகிறவர்களிடம் போடில் பேசுவதே இல்லை, விரலை மட்டும் கார்கள் நிற்கிற பக்கம் நீட்டுவாள். வெளியே தெரிகிற தையல் மட்டும் கைத்தையலாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிற சந்தைகள் உண்டு. ஓர்நெஸ்ஸில் உள்தையலும் கைத்தையலாக இருக்க வேண்டும். ஆகவே வருகிறவர்கள் எல்லாரும் அவள் முன்னால் நின்று அங்கியின் ஓரமடிப்பைப் புரட்டிக் காட்ட வேண்டும். துணியில் சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துவாள். கம்பளியாக இருந்தால் முடி கருகுகிற நாற்றம் வந்து சாம்பலாகும். பாலியெஸ்டராக இருந்தால் உருகிக் கறுப்பு மணியாகத் திரளும். கொளுத்துவதற்கான பிளாஸ்டிக் லைட்டர் மட்டும் அவள் இடுப்பில் தொங்கும் தோல்பைக்குள் ஒளிந்திருக்கும். அதை யாரும் சோதித்ததில்லை.

தேறாத உடுப்பை வாசலில் நட்டிருக்கிற கம்பத்தில் தொங்கவிடுவது ஓர்நெஸ்ஸின் வழக்கம். சந்தை முடிகிற வரை அது அங்கேயே தொங்கும். வருகிறவர் போகிறவர் பார்த்துத் திருந்துவதற்கு என்பார்கள். பார்த்துச் சிரிப்பதற்கு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கம்பத்தில் ஒரு கோடையில் ஹோல்கரின் சிவப்பு அங்கி தொங்கியது.

ஹோல்கர் அவள் புருஷன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். நல்ல அகலமான ஆள். இடது தோள் மட்டும் ஒரு பழைய முறிவினால் இறங்கியிருக்கும். சந்தைக்கு வருவது அவனுக்குத் தேன்மது குடிக்கவும் தெரிந்தவர்களைக் கேலி செய்யவும்தான். அந்த வருஷம் பளபளவென்று ஒரு புது அங்கியோடு வரிசையில் வந்து நின்றான்.

"இதென்ன சிவப்பு?" என்றாள் போடில்.

"நல்லா இருக்குல்ல? இணையத்துல வாங்கினேன். சுத்தக் கம்பளின்னு போட்டிருந்தான்."

"அவன் போட்டிருந்தான். நூல் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

நூல் உருகி மணியானது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உருகுது, ஹோல்கர்."

"கம்பளியும் சில சமயம் உருகும்."

"உருகாது."

"நம்ம கல்யாணத்துக்கு நான் போட்ட கோட்டும் உருகுற ஜாதிதான். அன்னிக்கு நீ கொளுத்திப் பாக்கலையே."

"அன்னிக்கு நான் இந்த வேலையில இல்ல. கழட்டு."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஹோல்கரும் சிரித்தபடியே கழற்றிக் கொடுத்தான். வேறு அங்கி எடுத்து வந்திருக்கவில்லை. இரவல் உடுப்பு வைத்திருக்கிற கடன்பெட்டியில் இருந்தவற்றில் அவன் அகலத்துக்கு எதுவும் ஏறவில்லை. ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு, சந்தை முடிகிற வரை, சந்தையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு நின்றான். கையில் ஐஸ்கிரீமோடு, "இங்க ஒரு பத்தாம் நூற்றாண்டுக்காரனுக்குப் பசிக்குது, யாராச்சும் ஹாட்டாக் வாங்கிக் குடுங்கப்பா" என்று கத்திக்கொண்டிருந்தான். போடில் கூடாரத்தில் படுத்தாள், அவன் காரில் படுத்தான். அதுதான் அவனுடைய கடைசிக் கோடை. அது அப்போது யாருக்குத் தெரியும்?

இலையுதிர்காலத்தில் அவன் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. காபிக் கோப்பையில் கரண்டி தானாக மணியடித்தது. டாக்டர் ஏதோ பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். குளிர்காலம் வந்ததும் மத்தியானமானால் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கேட்டால் "படகு இன்ஜினைப் பாக்குறேன்" என்பான். உள்ளேயிருந்து தடதடவென்று ஒரு சத்தம் வரும். சட்டென்று நிற்கும். நெடுநேரம் ஒன்றும் இருக்காது. மறுபடி தடதட. எந்த இன்ஜினும் அப்படி ஓடாது என்பது போடிலுக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அவனுக்குப் பொழுது போகிறது என்று விட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் சத்தம் நின்றது, மறுபடி வரவில்லை. போய்ப் பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தான்.

அடக்கம் முடிந்தபின் கராஜில் கிடந்த பைகளைக் காரில் ஏற்றி, தானமாக வந்த பழைய பொருட்களை விற்கிற தேவாலயத்து உதவிக் கடையில் கொண்டுபோய் இறக்கினாள். ஒரு பையைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஊரில் ஒருவர் மடிப்பு விடாமல் புரட்டிப் பார்த்தவள் அவள். மேஜைமேல் அவளுடைய அம்மாவின் பழைய தையல் மிஷின் இருந்தது. ரிப்பேருக்கு எடுத்து வைத்திருப்பான் என்று நினைத்து உள்ளே தூக்கி வந்தாள்.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். கராஜிலிருந்து தடதடவென்று கேட்கும். நிற்கும். மறுபடி கேட்கும். ஈரக் கையோடு போய்க் கதவைத் திறந்தால், குளிர்ந்து கிடக்கிற இன்ஜின், காலி நாற்காலி. யாரிடமும் சொல்லவில்லை. சிப்பி ஆலையில் சொன்னால் விடுப்பு எடுக்கச் சொல்வார்கள், சந்தையில் சொன்னால் கதை கட்டுவார்கள். இரண்டாவது பயம் எவ்வளவு நியாயமானது என்று இப்போது தெரிகிறது.

அடுத்த கோடை வந்தது. சந்தையின் முதல் நாள் விடிந்தபோது ஃபியோர்டிலிருந்து மூட்டம் ஏறி, வயல், கார்கள், கொடிக்கம்பம் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. வாசலில் போடில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டாக்னி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இன்னும் யாரும் வரவில்லை.

மூட்டத்துக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. அகலமான உருவம். இடது தோள் இறங்கியிருந்தது. நீல அங்கி. அந்த நீலத்தை போடிலுக்குத் தெரியும். என்றோ ரீபெ ஊரில் இருவரும் போய் வாங்கிய துணி அது, கட்டம் கட்டமாக வைரம்போல் நெசவு ஓடும். அவன் போனபின் அதை வீடெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. விற்றுத் தின்றிருப்பான் என்று முடிவு செய்திருந்தாள்.

"ஹோல்கர், நில்லு" என்றாள்.

உருவம் நின்றது.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கூச்சல் போட்டிருப்பார்கள், மயங்கியிருப்பார்கள், கட்டிப்பிடித்திருப்பார்கள். குறைந்தபட்சம் முகத்தையாவது பார்த்திருப்பார்கள். போடிலின் கை ஓரமடிப்புக்குப் போனது. அவள் முகத்தைப் பார்க்கும் முன் தையலைப் பார்த்தாள். மேலே கைத்தையல்தான், குடித்த எறும்பு போனதுபோல் கோணல்மாணலாக. உள்ளே புரட்டினால் சின்னச் சின்னதாக, ஒரே அளவாக, வரிசையாக மிஷின் தையல்.

"மிஷின்ல போட்டிருக்க. இதோட உன்ன உள்ள விட மாட்டேன். வீட்டுக்குப் போ."

டாக்னி கேட்டது இதைத்தான். இதுவரை அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அப்புறம் ஆவி தும்மியது.

"மன்னிச்சுக்கங்க" என்று மூக்கைத் துடைத்தபடி சொன்னது. "என் பேரு யெப்பே. திஸ்டெட்லருந்து வரேன்."

டாக்னி தன் கதையில் இந்தத் தும்மலை விட்டுவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், "தும்மினா கதை கெட்டுப்போயிடும்" என்கிறாள்.

யெப்பே குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பு மாட்டுகிறவன், ஐம்பதை நெருங்கியவன். சந்தைக்கு இதுதான் முதல் தடவை. அங்கியை உதவிக் கடையில் வாங்கினானாம். "திரைச்சீலைன்னு நெனச்சு மடிச்சு வெச்சிருந்தாங்க" என்றான். "எனக்குத் தோளு ரெண்டும் சமம்தான். இதைப் போட்டா மட்டும் ஒரு பக்கம் இறங்கிடுது. தையல் அப்படி."

போடில் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். ஹோல்கரின் சாயல் மருந்துக்கும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கழட்டுங்க" என்றாள்.

"இங்கேயேவா?"

"எல்லாரும் இங்கதான் கழட்டுவாங்க."

அங்கி மடிக்கு வந்தது. குளிர்காலம் முழுக்க கராஜில் என்ன ஓடியது என்று இப்போது தெரிந்துவிட்டது. அவளிடம் தேறுவதற்காக அவன் தைத்திருக்கிறான். நடுங்குகிற விரலால் உள்தையல் முடியாமல் மிஷினில் ஓட்டி, அது தெரியாமலிருக்க மேலே கையால் தைத்து மூடியிருக்கிறான். மடிப்பைப் புரட்டுகிறவளிடமே அதைக் கொண்டுவந்து நீட்டுகிற துணிச்சல் அவனுக்கு எப்போதும் உண்டு.

தேறவில்லை என்றால் கம்பத்தில் தொங்கவிட வேண்டும். அவனைத் தெரிந்த அத்தனை பேரும் அந்த வழியாகத்தான் வருவார்கள். ஹோல்கர் கடைசியாகச் செய்ததும் ஏமாற்று வேலைதான் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். தேறியது என்று விட்டுவிடலாம், யெப்பேவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உயிரோடு நின்றவனுக்குக் காட்டாத இரக்கத்தைச் செத்தவனுக்குக் காட்டினால், அந்தக் கோடையில் அவன் கயிற்றுக்கு வெளியே நின்றது எதற்காக? காரில் படுத்தது எதற்காக?

"என்ன, தொங்கவிடப் போறியா?" என்றாள் டாக்னி, அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பிரிச்சுத் தைக்கப் போறேன்."

"அது அவனவன் வேலையாச்சே. நீ எப்ப யாருக்குத் தைச்சுக் குடுத்திருக்க?"

"நூல் இருக்கா உன்கிட்ட?"

டாக்னி கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "அதுல மேல ஓடுறது என் நூல்தான். நானே நூத்த லினன். நவம்பர்ல வந்து ஒரு சிட்டம் வாங்கிட்டுப் போனான். உன்கிட்டச் சொல்ல வேணாம்னான்."

"ஊசில நூல் கோக்க அவனுக்குக் கை நிக்காதே."

"நான் கோத்துக் குடுத்தேன். ஒவ்வொரு வாரமும் வருவான். கோத்த ஊசியெல்லாத்தையும் ஒரு உருளைக்கிழங்குல குத்தி எடுத்துட்டுப் போவான். முள்ளம்பன்னி மாதிரி இருக்கும்."

"உருளைக்கிழங்கா?"

"உனக்குத் தெரிஞ்சா நீ அவனைக் கொன்னுடுவன்னு அவனே சொன்னான்."

போடில் யெப்பேவுக்குக் கடன்பெட்டியிலிருந்து ஒரு பழுப்பு அங்கியை எடுத்து வீசினாள். அவன் அதற்குள் எப்படியோ நுழைந்துகொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்தபடி உள்ளே போனான்.

அன்று முழுக்க வாசலில் உட்கார்ந்து பிரித்தாள். வருகிறவர்களின் மடிப்பை ஒரு கையால் புரட்டிப் பார்த்து அனுப்பினாள், மறு கையில் அங்கி. சிலர் அன்றைக்கு எப்படியோ தேறிவிட்டார்கள். கடையில் வாங்கிய காலணிக்குச் சேறு பூசிக்கொண்டு வந்த ராண்டர்ஸ் ஊர்க்காரர் ஒருவர் இன்றுவரை தன் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை.

மிஷின் தையலைச் சின்னக் கத்தியால் அறுத்து உருவுவாள். அதே இடத்தில் டாக்னியின் நூலால் கையால் தைப்பாள். மேலே ஓடுகிற ஹோல்கரின் கோணல் தையலைத் தொடவில்லை. அது கைத்தையல், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. பக்கவாட்டு முடிந்தது. கை முடிந்தது. மறுநாள் மத்தியானம் இடது கக்கத்துக்கு வந்தாள். கையைத் தூக்க வசதியாக அங்கே ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருக்கும். மிஷினில் தைக்க ரொம்பச் சிரமமான இடம்.

அங்கே தையல் நேராக ஓடவில்லை. கொஞ்சம் ஓடி, வெளியே தெறித்து, திரும்பி வந்து, அதே இடத்தில் நாலைந்து தடவை முட்டி மோதி, நின்று, மறுபடி தொடங்கியிருந்தது. கை எங்கெங்கே துள்ளியது என்று துணியே காட்டியது. விரலால் அதன்மேல் தடவிக்கொண்டு போனாள். சந்தை நடுவில், முரசும் கொல்லன் சுத்தியலும் பிள்ளைகள் கூச்சலுமாக இருக்கும்போது, தடதடவென்று கேட்டது. விரல் நின்ற இடத்தில் சத்தமும் நின்றது. அடுத்த தையல் தொடங்கிய இடத்தில் மறுபடி கேட்டது.

கத்தியைத் தையலுக்கு அடியில் நுழைத்தாள். வெளியே எடுத்தாள். மறுபடி நுழைத்தாள்.

டாக்னி ரொட்டி விற்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது" என்றாள் போடில். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அங்கியைக் கக்கம் உள்ளே போகும்படி மடித்தாள்.

யெப்பேவைக் கூப்பிட்டு அனுப்பினாள். தேறியவர்களுக்குக் கட்டுகிற சிவப்புக் கம்பளி நூலை அவன் மணிக்கட்டில் கட்டினாள். அவன் அங்கியை மாட்டிக்கொண்டு, பம்பு மாட்டுகிறவனுக்கே உரிய புத்தியோடு தையல் மூட்டுகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான்.

"கக்கத்துல மட்டும் பழசு அப்படியே இருக்கு போலருக்கே?"

"அங்க கை வைக்காதீங்க."

"சரி."

"கையையும் தூக்காதீங்க."

"சந்தை முடியற வரைக்குமா?"

"முடியற வரைக்கும்."

இடது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டே யெப்பே மிச்சச் சந்தையைக் கழித்தான். சண்டைக் காட்சிக்குக் கூப்பிட்டவர்களிடம் தோளில் வலி என்றான். ஹோல்கரைத் தெரிந்த இரண்டு பேர் தூரத்திலிருந்து அவனைப் பார்த்துவிட்டு, தேன்மதுவைக் கீழே வைத்துவிட்டார்கள். டாக்னி சொன்ன பேச்சுக்குக் கால் முளைத்தது அங்கிருந்துதான்.

ஆக, மோர்ஸ் தீவு பேசிக்கொள்வது தப்பு. போடில் ஆவியைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு சாண் மிஷின் தையலோடு அவனை உள்ளே விட்டுவிட்டாள். இந்தப் பேச்சு பரவினால் ஓர்நெஸ்ஸின் மானம் போய்விடும், ஆவிப் பேச்சே தேவலை. இதைப் படித்துவிட்டு யாரும் யெப்பேவின் கக்கத்தைப் புரட்டப் போக வேண்டாம். கேட்டால் தும்முவான்.

கராஜில் சத்தம் நின்றுவிட்டதா என்றால், இல்லை. இப்போதெல்லாம் அவள் கதவைத் திறக்கப் போவதில்லை. கழுவுகிற தட்டைக் கையில் பிடித்தபடி காத்திருக்கிறாள். நின்றதும் அடுத்த தட்டை எடுக்கிறாள்.

டாக்னிக்கு மட்டும் இரண்டு சிட்டம் நூல் பாக்கி. ஒன்று ஹோல்கர் வாங்கியது, வசந்தத்தில் தானே நூற்றுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கினானாம். இன்னொன்று போடில் வாங்கியது. காசு கொடுத்தால் டாக்னி கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். கடையில் வாங்கிய லினன் நூலை நீட்டினால் போடிலின் குரலிலேயே, "கொளுத்திப் பாக்கலாமா?" என்கிறாள். கையால் நூற்றதுதான் வேண்டுமாம். சட்டம் போடுகிறவளுக்கு நூற்க வராது என்பது இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமலிருந்தது. சிப்பி ஆலையில் இடைவேளைதோறும் தக்ளியைச் சுற்றுகிறாள். முழ நீளம் வருவதற்குள் அறுந்து விழுகிறது. அறாமல் வந்ததை மட்டும் ஒருநாள் கொண்டுபோய்க் காட்டினாள். டாக்னி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல பன்றித் தொடையைக் கட்டித் தொங்கவிடலாம். தைக்க முடியாது."

"இன்னும் கொஞ்சம் பழகணும்."

"என் நூல் எப்ப வரும்?"

"வந்துட்டே இருக்கு."

"அவனும் அதையேதான் சொன்னான்" என்று டாக்னி அந்த முரட்டுக் கயிற்றை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.